அசையாத தீனி

காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்காமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. வெறும் வயிற்றோடு யாராலும் சரியாக யோசிக்க முடியாது. நீங்கள் இருவரும் விடியற்காலை ரயிலில் எங்கள் ஓடென்சே நகரத்துக்கு வந்திருக்கிறீர்கள். முதலில் அந்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எங்கும் போய்விட மாட்டேன்.

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரி மட்டும் தவறு. "மீன் கூடத்தில் வளர்த்த உயிர்த்தீனி, பராமரிப்புக் குறைவால் தானாக இறந்திருக்கலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தின் அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பொறுப்பாளர் நான். மீன் உணவு பற்றித்தான் முனைவர் பட்டம் வாங்கினேன். அந்த வரி ஏன் தவறு என்று விளக்கத்தான் உங்களை வரச் சொன்னேன்.

எங்களிடம் இருப்பது வரிக்குதிரை மீன். விரல் நீளம்கூட இருக்காது, உடம்பில் நீலக் கோடுகள். பெரிய மீன் எதைப் போட்டாலும் தின்னும். குஞ்சு அப்படியல்ல. முட்டையிலிருந்து பொரிந்த பிறகு சில நாட்களுக்கு வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே அதற்குச் சோறு. அது தீர்ந்ததும் வேட்டையாட வேண்டும். தண்ணீரில் துடித்து ஓடும் பொடிப்பூச்சிகளை வாளியில் வளர்த்து அதற்குக் கொடுக்கிறோம். குஞ்சின் கண்ணுக்கு அசைவதுதான் உணவு. அசையாதது வாய்க்கு முன்னால் மிதந்தாலும் அதற்கு வெறும் தூசி. சரியான நேரத்தில் தின்னவில்லை என்றால் ஒரு கட்டம் வரும். அதற்குப் பிறகு நல்ல தீனியைக் கொட்டினாலும் தின்னத் தெம்பிருக்காது. தலை பெரிதாகவும் வயிறு ஒட்டியும் அடியில் போய்ச் சாய்ந்துவிடும்.

இது எங்கள் கட்டடத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? மரபணுவைக் கத்தரித்து ஒட்டத் தெரியும். அந்த மரபணு குடியிருக்கும் வயிறு காலியா நிறைந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியாது. பேராசிரியர் ஹென்னிங் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து, செத்த மீனைக் காட்டி "தூங்குதா?" என்று கேட்டவர். ஆளைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ரன்வா அவருடைய குழுவில் இருந்தாள். ஃபரோத் தீவுக்காரி. இதயம் தாளம் தப்பித் துடிக்கும் ஒரு மீன் வம்சத்தை ஆறு வருடமாக வளர்த்துவந்தாள். அந்த நோய் மனிதக் குழந்தைகளுக்கும் வருவதாம். போன குளிர்காலத்தில் அந்த வம்சத்தில் ஒரே ஒரு கிழட்டு ஜோடிதான் மிச்சம். அது இடுகிற கடைசி முட்டைகளில் இருந்து குஞ்சுகள் வளர்ந்தால் அவளுக்கு வேலை நீடிக்கும். இல்லையென்றால் வம்சமும் போகும், வேலையும் போகும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காபி நேரத்துக்கு யாராவது ஒருவர் கேக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். அன்று அவள் முறை. ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக், இனிப்பு அதிகம். குழுக்கள் எல்லாம் ஒரே அளவில், ஒரே நேரத்தில் தீனி கொடுக்க வேண்டும் என்று நான் ஒரு கையேடு தயாரித்திருந்தேன். இரண்டு வருட உழைப்பு. அதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"மீனுக்குச் சோறு போட ஒரு புத்தகமா?" என்றாள் ரன்வா. "எங்க ஊர்ல மீனை நாங்க தின்னுவோம். இங்க என்னடான்னா மீனுக்கு ஒருத்தன் பந்தி பரிமாறிட்டிருக்கான். கழுத்துல துண்டு கட்டி விடறது ஒண்ணுதான் பாக்கி."

ஹென்னிங் கேக் துணுக்கு சிதறச் சிரித்தார். "அப்ப கையேடு வேணாங்கிறியா?"

"பசிச்சா தின்னும், ஹென்னிங். அவ்வளவுதான் விஷயம்." பிறகு என் பக்கம் திரும்பி, "கோவிச்சுக்காத அஸ்கர். இந்தா, பெரிய துண்டு உனக்குத்தான். எடை போட்டுட்டுத் தின்னு" என்றாள்.

கையேடு அன்றோடு முடிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. இல்லை, சரியாகச் சொல்கிறேன்: வந்தது, ஆனால் அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. ஒரு விஞ்ஞானி தவறான கூற்றைச் சொன்னால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். "பசிச்சா தின்னும்" என்பது கூற்று. பசியையும் உணவையும் அருகருகே வைத்தால் பொய்யா மெய்யா என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் குவளையில் தீனியை எடுத்து வைப்பது என் வேலை. அவளுடைய குவளையை மட்டும் கொஞ்ச நேரம் வெந்நீரில் இறக்கி வைத்தேன். பொடிப்பூச்சிகள் உருக்குலையாமல் செத்தன. பிறகு ஆறவிட்டு, அவள் எடுத்துக்கொள்ளும் அலமாரித் தட்டில் வைத்தேன். நிறம் மாறவில்லை, வாடையும் இல்லை. அவள் வந்து, குஞ்சுகளோடு கொஞ்சிப் பேசிக்கொண்டே ஊற்றிவிட்டுப் போவாள். தண்ணீர் முழுக்கச் சாப்பாடு மிதக்கும். நடுவே குஞ்சுகள் இளைத்துக்கொண்டிருக்கும்.

முதல் ஈட்டுக் குஞ்சுகள் முழுவதும் போயின. ஹென்னிங் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். அடுத்த ஈடும் போனது. அப்போது நோயைச் சந்தேகப்பட்டார். ஒருவருக்கும் தீனியைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. தீனி அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. கிழட்டு ஜோடி கடைசியாகக் கொஞ்சம் முட்டை இட்டது. ரன்வா வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கேன்டீனில் பார்த்தபோது, ஏதாவது சாப்பிடு என்று நான்தான் சொன்னேன். அந்த ஈடும் சாய்ந்த பிறகு, விலங்குப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து பட்டினிச் சாவு என்று கண்டுபிடித்தார்கள். அவளுடைய கவனக்குறைவு என்று எழுதி, விலங்குகளைத் தொடும் உரிமத்தைப் பறித்தார்கள். அவள் ஊருக்குத் திரும்பிப் போனாள். இப்போது மீன் வெட்டும் ஆலையில் வேலை பார்க்கிறாளாம். அவளுடைய தொழிற்சங்கம் மேல்முறையீடு செய்ததால்தான் நீங்கள் வந்தீர்கள், என் வாளிகளைக் குறை சொன்னீர்கள்.

என் வாளிகளில் எதுவும் தானாகச் சாகவில்லை. நான் கொன்றேன். அந்த வரியை இப்படி மாற்றிவிடுங்கள்.

கொடுமை என்று நீங்கள் சொல்லலாம். நான் ஒரு மீனைக்கூடத் தொடவில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒரே ஒரு துளியை வைத்துப் பார்த்திருந்தால் போதும், எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். நான் ஒளிக்கவில்லை. அவள் பார்க்கவில்லை.

இல்லை, அதையும் சரியாகச் சொல்ல வேண்டும். பார்த்தாள். கடைசி ஈட்டுக்குத் தீனி கொடுக்கத் தொடங்கிய அன்று, கண்ணாடித் தட்டில் ஒரு துளியை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"அஸ்கர், இதுங்க ஒண்ணுகூட அசையலயே. செத்துப்போச்சா?"

"குளிர்ல மயங்கிக் கெடக்கும். தொட்டிச் சூடு பட்டதும் எழுந்துக்கும். ஊத்து" என்றேன்.

"நெசமாவா? இது போனா எனக்கு ஒண்ணுமே இல்லப்பா."

"பூச்சி வளர்க்கறது நீயா, நானா?"

பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "நீதான். இதுல உன்னைத்தான் கண்ண மூடிக்கிட்டு நம்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் ஊற்றினாள்.

அவளுடைய மேல்முறையீட்டில் இந்தப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. தேடிப் பார்த்தேன். நான் தெரியாமல் சொல்லிவிட்டதாக நினைத்து, எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று விட்டிருக்கிறாள் போலிருக்கிறது. ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தவள், இதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவளிடம் நாங்கள் எப்படி உயிர்களை நம்பி ஒப்படைப்பது?