நாய்க்கடிக்கு இலை

செம்மேட்டுக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் நாய்க்கடிக்குப் பச்சிலை கட்டுகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இன்று அவருடைய கெண்டைக்காலிலேயே இலைக்கட்டு இருந்தது.

“ஏனுங்கக்கா, ஊருக்கெல்லாம் இலை கட்டுறீங்க. உங்களைக் கடிச்சா ஊசிக்குப் போறீங்களே?”

“இலை பறிக்கிற கை தனக்கே கட்டிக்கக் கூடாது கண்ணு. கேக்காது.”

“குண்டனி நாட்டு ஊருல ஒருத்தரு கட்டுறாருங்களே, அவர்கிட்டப் போயிருக்கலாமுங்க.”

“அவரு நாய்தான் கடிச்சுது.”

“அவரு கட்டலீங்களா?”

“இது அவரு கட்டுனதுதான். கட்டிட்டு, மொத பஸ்ஸைப் புடிச்சுப் போயி ஊசி போட்டுக்கன்னாரு.”

இளையவள் ஜன்னலுக்கு வெளியே மிளகுக் கொடிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வளைவு தாண்டியதும் கேட்டாள்.

“போன வாரம் எங்கூட்டுக்காரருக்கு நீங்க இலை மட்டுந்தானுங்களே கட்டினீங்க?”

மூத்தவர் காலைச் சற்று நகர்த்தி வைத்தார்.

“அவரு இப்ப ஊட்லயா இருக்காரு?”

“காட்டுக்குப் போயிருக்காருங்க.”

“இப்பவே போன் போடு கண்ணு. அடுத்த பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கட்டும். இலையை மட்டும் அவுத்துற வேண்டாம்னு சொல்லு.”