மேகம் மூடிய பொங்கல் பாடம்

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு ஆசிரியைகள் எனக்கு முன் சீற்றில் இருந்தார்கள்.

"சூரியன் எங்க நிக்குதெண்டு எனக்குக் காட்டினது கண் தெரியாத பிள்ளையப்பா," என்றார் மூத்தவர்.

"என்ன கதைக்கிறீங்க, மிஸ்?"

"தைப்பொங்கல் பாடம். சூரியனுக்கு நன்றி சொல்ல ரெண்டாம் வகுப்பை கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். அவளை வகுப்பில விட்டிட்டுப் போகத்தான் முதல்ல நினைச்சனான், மனம் நோகுமெண்டு. கையைப் பிடிச்சுக்கொண்டு தானும் வந்திட்டாள். வெளியில ஒரே மேகம். சூரியனைக் காணேல்ல, வாங்கோ போவமெண்டன். 'இருக்கு மிஸ், இந்தக் கன்னத்தில சூடு தெரியுது' எண்டு முகத்தைத் திருப்பினாள். கொஞ்சத்தில மேகம் விலகிச்சுது. அவள் திரும்பின பக்கமே சூரியன் நிண்டுது."



"பிறகு, மிஸ்?"

"பிள்ளையள் எல்லாம் அவளுக்குப் பின்னால போய் நிண்டு கும்பிட்டுதுகள். நானும்தான்."