குறுக்கே பேசாதவள்

அன்புள்ள வாயாடிக்கு, அப்பா எழுதுவது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஸ்டுடியோவில் ஐந்து பேர் இருந்தோம். ஒலிப்பதிவாளர், நாங்கள் ‘காது’ என்று கூப்பிடுகிறவர், வழக்கம்போல் கருவிகளுக்கு முன்னால். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீளப் பெஞ்சில் மூன்று பெண்கள், வந்த வரிசைப்படி. நான் மூலை நாற்காலியில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி. குரல் தேர்வு செய்யும்போது நான் முகம் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்து எடுத்த குரல் ஒரே வாரத்தில் பல்லிளித்துவிடும். முப்பத்தொரு வருடமாக இதுதான் என் முறை.

அம்மா போன பிறகு நீ வந்து இறங்கினாய். வாசலில் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு கேள்வி கேட்டாய். “அம்மா கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளாப்பா?” இல்லை என்றேன். அது சரியான பதில் அல்ல. சரியான பதிலை அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

வந்தவர்களிடம் வானொலித் தொடர் என்று சொல்லியிருந்தேன். கடல் கடந்து வேலைக்குப் போன மகள், படுக்கையில் கிடக்கும் அம்மாவோடு போனில் பேசுகிறாள். தாளில் இருந்தது அவ்வளவுதான். அம்மாவின் வரிகளை நானே வாசித்தேன். முதல் பெண் சோப்பு விற்கிற இனிப்போடு “அம்மா” என்றாள். இரண்டாமவள் தலைப்புச் செய்தி வாசித்தாள். அவள் நலம் விசாரித்தால் நல்லா இருக்கிறவர்களுக்கே காய்ச்சல் வந்துவிடும். மூன்றாமவள் குரலில் லேசாகச் சளி கட்டியிருந்தது. “அம்மா, நான்தான். தூங்கிட்டியா?” என்றாள். காது கையிலிருந்த டீயை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சார், உங்க பொண்ணு எப்ப வந்தா?”

இன்னொன்றும் கவனித்தேன். நான் வாசித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். ஒரு மூச்சு இடைவெளி விட்டுத்தான் தன் வரியை எடுத்தாள். தொழில் தெரிந்தவள் என்று குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடிட்டேன்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். அம்மாவின் கண் மங்கி, நடை நின்று, அவள் கட்டிலோடு ஆன பிறகு நீ தினமும் கூப்பிட்டாய். கூப்பிடும்போதெல்லாம் அழுதாய். உன் ஊர் டாக்டர் மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள் என்று சொன்னதாகவும், வந்து கூட்டிப்போவதாகவும் சொன்னாய். போனை வைத்த பிறகு அவள் தூங்குவதே இல்லை. எந்தப் புடவையை எடுத்துக்கொள்வது, விமானத்தில் குளிருமா என்று விடியவிடியக் கேட்பாள். நோயாளிக்கு இது நல்லதா? நீயே யோசித்துப் பார்.

போனால் அவள் திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பிழைத்தாலும் உன்னோடுதான் இருந்திருப்பாள். இந்த வீட்டில் பேச்சு என்று இருந்தது அவள் ஒருத்தியால்தான். அவள் இல்லாத வீட்டில் ஒரு மனிதன் யாரிடம் போய் “மழை வரும்போல இருக்கு” என்று சொல்வான்? ஆனால் நான் செய்தது அதற்காக அல்ல. அவள் நிம்மதிக்காக.

வீட்டுப் போன் நம்பரை மாற்றினேன். உனக்குக் கடிதம் எழுதினேன், மொத்தம் பதினோரு கடிதம். அம்மாவுக்கு உன் மேல் கோபம், பேச மாட்டேன் என்கிறாள், கொஞ்சம் ஆறட்டும், இப்போது வராதே என்று. நீ ஊரைவிட்டுப் போன அன்று அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதனால் நம்பினாய். மூன்றாமவளைத் தனியாகக் கூப்பிட்டு, தொடர் இல்லை, இது என் சொந்த விஷயம் என்றேன். என் மகள் விபத்தில் இறந்துவிட்டாள், மனைவிக்குச் சொல்ல முடியாது என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே சம்மதித்தாள். நல்ல பெண்.

தினமும் மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுவாள். நீ முன்பு விட்டுவைத்த குரல் செய்திகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாள். உன் செருமல், “ம்ம்மா” என்று நீ இழுப்பது, எல்லாம் அச்சாக வந்தது. போனை அம்மாவின் காதில் நான்தான் பிடித்துக்கொள்வேன். இரண்டாவது வாரம் நான் எழுதிக்கொடுத்த வரியைச் சொன்னாள்: “ஆபரேஷன் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார்ம்மா. நீ அங்கேயே இரு. அப்பா பார்த்துப்பார்.”

“சரிம்மா” என்றாள் அம்மா. அன்றிலிருந்து புடவையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றாகத் தூங்கினாள். என் கணக்கு தப்பவில்லை என்று நினைத்தேன். நான்கு மாதம் இருந்தாள்.

எல்லாம் முடிந்து, நீயும் திரும்பிப் போன பிறகு மூன்றாமவள் என்னைத் தேடி வந்தாள். பழகுவதற்காக ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்து வைத்திருக்கிறாள். கடைசி அழைப்பின்போது போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். அந்தப் பதிவை ஓட்டினாள். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

“குரல் அவளோடதேதான்மா. ஆனா என் வாயாடி, நான் ஒரு வார்த்தை பேசினா ஒன்பது வார்த்தை குறுக்க பேசுவா. முழுசா ஒரு பேச்சு முடிக்க விட்டதில்ல. நீ நான் முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கே. மொத நாளே தெரிஞ்சிடுச்சு. அவ என்னை மறந்துட்டா போல. அது எனக்குத் தெரியக் கூடாதுன்னு இந்த மனுஷன் உன்னைத் தேடிப் பிடிச்சிருக்கார். எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதே, பாவம். அவ கூப்பிடவே இல்லைங்கும்போது நான் பிழைச்சு மட்டும் என்ன பண்ணப்போறேன்? என்னைக்காவது நீ அவளைப் பார்த்தேன்னா, அம்மாவுக்குக் கோவம் இல்லைன்னு சொல்லு.”

மூன்றாமவள் பதிவை நிறுத்திவிட்டு, “சார், உங்க பொண்ணு உயிரோடதான் இருக்காங்களா?” என்று கேட்டாள். வேலை முடிந்துவிட்டது, குரல் மிகவும் பொருத்தமாக இருந்தது என்று சொல்லி அனுப்பினேன். குறுக்கே பேசாததற்கு அடிக்கோடிட்டவன் நான்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: சொன்னாள். நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு போனாள். ஆபரேஷனைத் தடுத்ததும் அப்படி நினைக்க வைத்ததும் நான். அவளைக் கொன்றது நான்தான் என்று நீ சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் கடைசிவரை என்னைப் பாவம் என்றுதான் சொன்னாள் என்பதையும் நீ கவனிக்க வேண்டும்.

அந்தப் பதிவை இதோடு அனுப்பவில்லை. நாலைந்து முறை கேட்டேன். அம்மாவின் குரல் ரொம்ப உடைந்திருக்கிறது, பாதி வார்த்தை மூச்சிலேயே போய்விடுகிறது, பின்னால் மின்விசிறி இரைச்சல் வேறு. அப்படி ஒரு பதிவை நான் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. உனக்கு மட்டும் எப்படிக் கொடுப்பேன்? அதே வரிகளைத் தெளிவாகச் சொல்ல, வயதான, நிதானமான ஒரு குரலாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்று மூன்று பேரை வரச் சொல்லியிருக்கிறேன்.

உறையை ஒட்டிவிடப்போகிறேன். தபால் பெட்டி ஸ்டுடியோவுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. போட்டுவிட்டுப் பத்தரைக்குள் நாற்காலியில் இருப்பேன்.