விருந்தாளி: இரண்டாம் பதிப்பு

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும் கீதா அம்மணி, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் பிடிக்கும், என் கையும் அதற்கே பழகிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் என்றதும் யாரோ பெரிய மீசைக்காரர் வருவார் என்று நினைத்தேன். நீங்கள் என் மகள் சாய்ப்ரியா வயதுதான் இருப்பீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், எதையும் மறைக்கப் போவதில்லை. பெயர் ராமாமணி, ஊர் கிணத்துக்கடவு. போட்டியின் ஏழாம் விதியை மீறியது நான்தான்.

அது என்ன விதி என்று கேட்கிறீர்கள். முதலில் போட்டியைச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் ஒரு குழு வருடா வருடம் எழுத்து விளையாட்டுப் போட்டி நடத்துகிறது. படம், சத்தம், துப்பாக்கி ஒன்றும் கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் கதை எழுத்தாக வரும். ‘நீங்கள் கிணற்றுமேட்டில் நிற்கிறீர்கள்’ என்று வந்தால், அடுத்து என்ன செய்வது என்று விளையாடுகிறவர் தட்டச்சு செய்ய வேண்டும். ‘கயிற்றை எடு’, ‘எட்டிப் பார்’, இப்படி. அதற்குத் தகுந்தபடி கதை நகரும். பிழைப்புக்கு எழுதுகிறவர்கள் அதில் யாருமில்லை, எல்லாம் ஆசைக்குத்தான். சாய்ப்ரியா கல்யாணமாகிப் போனபோது விட்டுவிட்டுப் போன லேப்டாப்பில் நானும் கற்றுக்கொண்டேன். மூன்று வருடம் கலந்துகொண்டு மூன்றிலும் கடைசி இடம் வாங்கினேன். இது நான்காவது வருடம்.

கடைசி இடம் எனக்குப் பெரிதில்லை. போன வருடம் முடிவு வந்ததும், விளையாட்டு எழுதியவர்கள் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காப்பிக் கடையில் கூடிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். போட்டோவில் பதின்மூன்று பேர். போட்டியில் எழுதியவர்கள் பதினான்கு பேர். ‘நீங்களும் வாங்க’ என்று யாராவது ஒரு வரி போட்டிருக்கலாம். அது ஒன்றுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

இந்த வருடம் நான் எழுதியதன் பெயர் ‘விருந்தாளி’. ஒருவர் ஐந்து நிமிட வேலையாக ஒரு வீட்டுக்குள் வருகிறார், திரும்பிக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் கதை. ‘வெளியே போ’ என்று தட்டச்சு செய்தால் ‘சாப்டுட்டுப் போலாமுங்க’ என்று வரும். சாப்பிட்டு முடித்தால் ‘அதுக்குள்ள என்னங்க அவசரம்’ என்று வரும். கிளம்புவதற்கு ஒரே ஒரு வழிதான். வீட்டுக்காரம்மாவைப் பார்த்து, ‘நீங்களும் ஒரு நாளைக்கு எங்க ஊட்டுக்கு வாங்க’ என்று விருந்தாளி கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அந்தம்மா மனசு நிறைந்து ‘செரிங்க, போய்ட்டு வாங்க’ என்பார், விளையாட்டு முடிந்துவிடும். நம் பக்கத்தில் யார் வீட்டுப் படியிறங்கினாலும் வாயில் வருகிற வார்த்தைதானே இது.

ஐந்து நடுவர்களில் ஒருவர் மோகன்குமார், சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. ஒவ்வொரு விளையாட்டையும் இரண்டு மணி நேரமாவது ஆடிப் பார்த்துவிட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும் என்பது நடுவர்களுக்கான விதி. அவர் என் விளையாட்டைப் பதினெட்டு நிமிடத்தில் மூடிவிட்டார். அதைப் பெருமையாக விமர்சனத்திலும் எழுதினார். ‘பதினேழு முறை வெளியே போகப் பார்த்தேன், பதினேழு முறையும் சோறு போடுகிறார்கள். நம்பும்படி இல்லை. நிஜத்தில் எந்த மனிதனும் எழுந்து போய்க்கொண்டே இருப்பான். பத்துக்கு இரண்டு.’

எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

நடுவர் மதிப்பெண் அனுப்பும்வரை விளையாட்டை எழுதியவர் அவரோடு பேசக் கூடாது. அதுதான் விதி ஏழு. விமர்சனத்தில் இரண்டு என்று எழுதினாரே தவிர, மதிப்பெண்ணை அவர் இன்னும் முறைப்படி அனுப்பியிருக்கவில்லை. அவர் ஒரு பழைய கீபோர்டு விற்பதாகக் குழுவில் போட்டிருந்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நான் புனைபெயரில் எழுதுவதால் அவருக்குச் சந்தேகமில்லை. வெள்ளிக்கிழமை பொள்ளாச்சிக்குப் பெண் பார்க்கப் போவதாகவும், வழியில் கொடுத்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். சொன்னபடி காலை ஒன்பது மணிக்கு வந்து, வண்டியை விட்டு இறங்காமலே கீபோர்டை நீட்டினார்.

“ஏனுங்க தம்பி, வாசலோட போனா எப்படீங்க? ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க” என்றேன்.

“அஞ்சு நிமிசந்தானுங்க அம்மா” என்றார்.

காப்பி கொடுத்தேன். காப்பியோடு இட்லி வைத்தேன். இட்லி முடிவதற்குள் பத்தரை ஆகி ராகுகாலம் பிறந்துவிட்டது. நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளையை ராகுகாலத்தில் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? பன்னிரண்டுக்கு அது முடிந்தபோது இலை போட்டாயிற்று. அவர் சட்டையில் சாம்பார் தெறித்தது, நான்தான் கொஞ்சம் வேகமாக ஊற்றிவிட்டேன். சட்டையை உடனே ஊறவைத்தேன். பேண்ட்டையும் சேர்த்து ஊறவைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் வெங்கடபதி தன் வேட்டி ஒன்றைக் கொடுத்தார். அவர் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர், வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் பொறுக்கமாட்டார். மத்தியானத்துக்குள் தம்பியின் வண்டியைக் கழற்றி, ஒவ்வொரு சாமானையும் நியூஸ்பேப்பரில் வரிசையாகப் பரப்பிவிட்டார். மூன்று மணிக்கு எமகண்டம்.

கதவைப் பூட்டினேனா என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே சரியில்லை, நீங்களே பார்த்தீர்கள். போனும் அவர் கையில்தான் இருந்தது. பெண் வீட்டுக்குப் பேசினார். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றதும், “மெதுவா சாப்டுட்டே வாங்க மாப்ளே” என்று வைத்துவிட்டார்கள். அவர் அம்மாவிடம், “விடமாட்டேங்கறாங்கம்மா” என்று முறையிட்டார். “தங்கமான மனுசங்க கண்ணு, மனசு கோணாம இருந்துட்டு வா” என்று அந்தம்மா சொன்னது எனக்கே கேட்டது. நல்ல குடும்பம்.

அவர் என்னென்ன சொல்லிக் கிளம்பப் பார்த்தாரோ அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஆபீசில் மீட்டிங் என்றார். வயிறு சரியில்லை என்றார், சுக்குக் காப்பி கொடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது தோசையில் கையை வைத்தபடியே நிமிர்ந்து, “நீங்கதானுங்களா அது?” என்று கேட்டார். மறைக்காமல் ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் போனார். ‘விருந்தாடி சாப்டாமப் போறாருங்க’ என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். அப்போதுதான் அவர் அழுதார். அழுகைக்கு என் விளையாட்டில் பதிலே எழுதாமல் விட்டிருந்தேன், எவ்வளவு பெரிய குறை. இரண்டாம் பதிப்பில் சேர்த்துவிட்டேன். ‘அழு’ என்று தட்டச்சு செய்தால் இனி ‘ஏனுங்க, காரமுங்களா?’ என்று வரும்.

மதிப்பெண் அனுப்ப ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி கெடு. பத்துக்குப் பத்து போடுகிறேன், விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் சம்மதிக்கவில்லை. விளையாட்டை முடிக்காமல் பத்து வாங்குவது நேர்மையில்லை. அவர் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான், அதை மட்டும் அவர் சொல்லவே இல்லை. ஆறு மணி அடித்தபோது உளுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அவர் போகிறேன் என்று கேட்பதே இல்லை. காலையில் தானாகவே தோட்டத்துக்குப் போய் வாழையிலை அறுத்து வருகிறார். உங்களுக்குக் கதவைத் திறந்து, “வாங்க, மொதல்ல சாப்டுங்க” என்றாரே வேட்டி கட்டிய பையன், அவர்தான் மோகன்குமார்.

மதிப்பெண் வரவில்லையே என்று போட்டி நடத்துகிற சசிதர் நேற்று தேடி வந்தார். மாடியில் தூங்குகிறார், வெயில் நேரத்தில் மூன்று கரண்டி நெய் அவருக்குக் கொஞ்சம் அதிகம். வருவதற்கு முன்பே போலீசில் சொல்லி வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் நேற்று சாயங்காலம் அனுப்பிய கான்ஸ்டபிள் ரவிக்குமார் தென்னந்தோப்பில் கயிற்றுக்கட்டிலில் இருக்கிறார். இளநீர் குடித்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை, ஒரு குலை இறக்கினேன், அவ்வளவுதான்.

இதில் குற்றம் என்று பார்த்தால் விதி ஏழு மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. மீதியெல்லாம் உபசாரம்.

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தரம் சொல்லுங்கள் அம்மணி.

“நீங்க எங்கூட ஸ்டேஷனுக்கு வாங்கம்மா.”

எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களையும் சேர்த்து நாலு பேரை வீட்டில் அடைத்து வைத்தேன் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள், ஆமாம், வேண்டுமென்றேதான் வைத்தேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான்கு வருடத்தில் என்னை ஓர் இடத்துக்கு வாங்க என்று கூப்பிட்ட முதல் ஆள் நீங்கள்தான். படித்த பிள்ளைகளுக்கு ஐந்து நாளாக வராத வார்த்தை உங்களுக்கு ஒரு டம்ளர் காப்பியில் வந்துவிட்டது. செரிங்க, எல்லோரும் போய்ட்டு வாங்க. கழற்றிப் போட்ட வண்டியைத் திரும்பப் பூட்டித் தரச் சொல்கிறேன்.

நான் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். அதுவரை இந்த இரண்டு வடையைச் சாப்பிடுங்கள், உங்கள் ஷூவைக் கழுவி மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன், காயவேண்டும். ஸ்டேஷனில் எத்தனை பேர் என்று சொன்னால் அளவாக அரிசி எடுத்துக்கொள்வேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் கண்ணு: கூப்பிட்ட இடத்துக்குப் போய்விட்டு உடனே கிளம்பிவருகிற பழக்கம் எனக்கும் கிடையாது.