முந்நூற்று நாற்பது வரிகள்

எனக்குச் சுத்தம் பிடிக்கும். கானாவின் தலைநகர் அக்ராவில் என் மேசையைப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

ஒரே பெரிய கணினிக்குள் பல கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல ஓட வைக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. பதினொரு மருத்துவமனைகளில் அதை மேய்க்கும் ப்ரோகிராமைப் பராமரிப்பது என் வேலை. பத்து இடங்களில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்துவிட்டது. வோல்டா ஏரிக்கு அக்கரையில் இருந்த ஒன்றில் மட்டும் எட்டு வருடப் பழசு. அதற்காகவே என் ப்ரோகிராமில் முந்நூற்று நாற்பது வரிகள் கிடந்தன. எதைத் திருத்தினாலும் இரண்டு முறை சோதிக்க வேண்டும். மூன்று வருடம் பொறுத்தேன். பொறுமை இல்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது.

அங்கே கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் ஃபுசேனி. மே மாதம் போனில் அழைத்தார்.

"சிஸ்டர் எசினாம், அந்தப் பழசைக் கழட்டி விடப்போறீங்களாமே? ரத்த வங்கிப் பட்டியலே அதுலதான் ஓடுது."

"ஜூன் ஒண்ணு கடைசி, ஃபுசேனி. மூணு தடவை தள்ளிப் போட்டாச்சு."

"புதுப் பதிப்பு ஓட வேண்டிய மெஷின் தேமா துறைமுகத்துல கெடக்கு. நான் என்ன நீந்திப் போயா எடுத்துட்டு வர்றது? ரெண்டே வாரம், சிஸ்டர்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க."

வரிகளை நீக்கினேன். நீக்கியபின் பழைய பதிப்பில் ஓட்டியும் பார்த்தேன்; நான் கவனக்குறைவானவள் அல்ல. கணினி அணைந்து மறுபடி எழுந்தால், கடைசியாக எடுத்து வைத்த பிரதிக்கே போய்விடும். அதற்குப் பின் பதிந்த எதுவும் திரையில் வராது. பிழைச் செய்தியும் வராது. இரண்டு முறை பார்த்தேன்.

பழைய பதிப்பைக் கண்டதும் நின்றுவிடு என்று ஒரு வரி எழுதினேன். பிறகு அதையும் அழித்தேன். நின்றால் ஃபுசேனி போன் செய்வார், கெஞ்சுவார், நான் இரங்கிவிடுவேன். ஒரு முறை பட்டால்தான் மாற்றுவார்கள் என்று நினைத்தேன். ஜூன் ஒன்றாம் தேதி அப்படியே வெளியிட்டேன்.

ஜூன் ஒன்பது, நண்பகல். அங்கே மின்சாரம் போய் வந்தது. பட்டியல் பதினெட்டு நாள் பின்னால் போனது. ஒரு பையில் ரத்த வகை தவறாக ஒட்டியிருப்பதைக் கண்டு, லேப் பெண் அந்தப் பதினெட்டு நாளுக்குள்தான் 'கொடுக்கக் கூடாது' என்று பதிந்திருந்தாள். அந்தக் குறிப்பு இப்போது இல்லை. பை இருந்தது. பிரசவத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்த அஸாரா என்ற பெண்ணுக்கு அதை ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது என்று கேள்விப்பட்டேன்.

அப்படி நடக்கும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். பட்டியல் பின்னால் போகும் என்று தெரியும். அது ரத்த வங்கிப் பட்டியல் என்றும் தெரியும். அந்த ஊரில் வாரம் ஒரு முறையாவது மின்சாரம் போகும் என்பதும் தெரியும். தெரிந்துதான் வெளியிட்டேன்.

மறுவாரமே அங்கே புதிய பதிப்பு ஏறிவிட்டது. ஃபுசேனியை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்களாம். சொன்ன தேதிக்குள் மாற்றியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள் என்று அவருக்கு யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் வருத்தப்படுவார்.