பிரிக்கத் தேவையில்லை

மழைக்காலத்தில் வீட்டிலேயே வண்டி வேலை பார்க்கிறவன் முதலில் ஒரு நல்ல தார்ப்பாய் வாங்க வேண்டும். பலர் வாங்குவதில்லை. ஈரமண்ணில் படுத்து எழுந்துவிட்டு, இடுப்பு பிடித்துக்கொண்டதென்று புலம்புவார்கள். நான் வாங்கினேன். என்னை அரைகுறை என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் ஐயா.

சொல்கிறவர்கள் என்றால் ஒரே ஒருவர்தான், என் அண்ணன். சின்ன வயதில் ஒரு மேசை மின்விசிறியைப் பிரித்துத் திரும்பச் சேர்த்தேன். ஒரு திருகு மிஞ்சிவிட்டது. விசிறி என்னவோ நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். தலை நரைத்த பிறகும் சொந்தக்காரர்கள் முன்னால் "டேய் அரைகுறை" என்பார், நானும் "என்னண்ணே" என்பேன். அதிலெல்லாம் எனக்குக் கோபம் கிடையாது.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கீழே தார்ச்சாலை வரைக்கும் மண்பாதை. மழை பெய்தால் அதில் எந்த வண்டியும் ஏறாது, நாலு சக்கரமும் இழுக்கிற எங்கள் வண்டியைத் தவிர. கொஞ்ச நாளாக அதை வளைவில் திருப்பினால் முன்பக்க இடது சக்கரத்தில் டக் டக் என்று சத்தம். குனிந்து பார்த்தேன். ஷாஃப்டின் முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் வெளியே போய், சேறு உள்ளே புகுந்திருந்தது. எஞ்சினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டு அது. வொர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம் என்றார் அண்ணன். நான் புது ஷாஃப்டை வாங்கி வந்துவிட்டேன்.

அவசரப்படவே இல்லை. வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் நடு நட்டைத் தளர்த்தினேன். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம்தான் சுற்றும். ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்தேன். கியர் ஆயிலை வடித்துவிட்டுப் பழைய ஷாஃப்டை நெம்பி எடுத்தேன். புதியதை, உள்ளே ஆயில் கசியாமல் காக்கும் சீலில் ஒரு கீறல் விழாமல், மெல்ல நகர்த்தினேன். கிளிக் என்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கில்லை. பிரேக் மிதிக்குக் கட்டை முட்டுக்கொடுத்து நடு நட்டை இறுக்கினேன். புது ஆயில் ஊற்றினேன். ஒரு திருகும் மிஞ்சவில்லை. சக்கரத்தை மட்டும் வேண்டுமென்றே மாட்டாமல் விட்டேன். மாட்டிவிட்டால் ஷாஃப்ட் கண்ணில் படாது. அண்ணன் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலையில் டீ டம்ளரோடு வந்தார்.

"இன்னும் இப்படியேதான் நிக்குதா?"

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்கண்ணே."

"நான் எதுக்குடா குனியணும்? வொர்க்‌ஷாப்காரரை வரச் சொல்லியிருக்கேன். நீ எதை மாட்டியிருந்தாலும் அவர் பிரிச்சு ஒழுங்கா மாட்டுவார். நீ மாட்டுன வண்டியில என் பொணம்கூட ஏறாது."

வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல இடமே கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். அந்த டீயை அவர் குடித்து முடித்திருக்க மாட்டார், அண்ணி ஓடிவந்தார்.

"தம்பி, உங்கண்ணன் நெஞ்சைப் புடிச்சிட்டு உக்காந்துட்டாரு. வேர்த்துக் கொட்டுது. வண்டிய எடுங்க."

வண்டி ஒரு சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டில் நின்றது. பக்கத்தில் சாக்கின்மேல் பழைய ஷாஃப்ட் கிடந்தது. நான் அதைக் கையால் காட்டினேன். காட்டியதோடு சரி.

"ஷாஃப்ட் இல்லாட்டி வண்டி நகராது அண்ணி."

"நாலு சக்கரமும் இழுக்கும்னு சொல்லுவீங்களே. மூணு சக்கரத்துல போகாதா தம்பி?"

நல்ல கேள்வி. அந்த வண்டியைப் பற்றி அந்த வீட்டில் என்னை மதித்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதனால் நிதானமாகவே விளக்கினேன். ஒரு பக்கம் ஷாஃப்ட் இல்லையென்றால் இழுவை முழுவதும் அந்தக் காலி இடத்துக்கே ஓடிச் சும்மா சுற்றும், மற்ற மூன்றும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மேலும், ஏறமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்ன மூத்தவரை வலுக்கட்டாயமாக ஏற்றுவது என்ன மரியாதை?

"அப்ப சீக்கிரம் மாட்டுங்க தம்பி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாட்டுகிறேன் என்று வண்டிக்கடியில் போய்ப் படுத்தேன்.

அண்ணி போன் போட்டு வரவழைத்த ஆம்புலன்ஸ் வந்தது. வந்து, எதிர்பார்த்தபடியே, தார்ச்சாலையில் நின்றுவிட்டது. ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறி வந்தார்கள். அதுவரைக்கும் நானும் சும்மா இருக்கவில்லை. ஸ்பானரால் அங்கங்கே தட்டிக்கொண்டிருந்தேன். வேலை நடக்கிற சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவருக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும். ஜன்னல் வழியாக அண்ணி "ஆச்சா தம்பி, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதோ ஆச்சு என்றேன். பிறகு சக்கரத்தை வைத்து ஐந்து நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கினேன். ஒன்று சரியாக உட்காராததுபோல் தோன்றியது. ஐந்தையும் கழற்றி மறுபடி இறுக்கினேன். உள்ளே அண்ணி அலறியபோது வண்டியைத் தரையில் இறக்கியிருந்தேன்.

வந்தவர்கள் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். அந்தச் சரிவில் ஸ்ட்ரெச்சரோடு இறங்க முடியாது என்றும் சொன்னார்கள். அதனால் அண்ணனை எங்கள் வண்டியிலேயே கிடத்திக் கீழே கொண்டுபோனோம். நான்தான் ஓட்டினேன். பிணம்கூட ஏறாது என்றவர் பின்சீட்டில் அண்ணி மடியில் தலைவைத்து வந்தார். வளைவுக்கு வளைவு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், ஒரு சத்தம் இல்லை. அவர் காதில் விழும்படி ஒரே ஒரு தடவை திருப்பிக் காட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தபோது அழுகை பொங்கிவிட்டது. நடிப்பு இல்லை ஐயா, நிஜமான அழுகை.

யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. "கையெல்லாம் கிரீஸோட தம்பி எப்படிப் பாடுபட்டாரு தெரியுமா, அரை மணியில மாட்டிட்டாரு, அவருக்குத்தான் குடுத்து வைக்கல" என்று வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். காலம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருப்பேன். துக்கம் கேட்க வந்த வொர்க்‌ஷாப்காரர்தான் காரியத்தைக் கெடுத்தார்.

"அரை மணியில ஷாஃப்டா? அந்தப் பதட்டத்துல மாட்டுனது அரைகுறையாத்தான் இருக்கும். நாளைக்கே ஆள் அனுப்புறேன், பிரிச்சுப் பாத்துடலாம்."

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, பிரிச்சுடுங்க" என்றார். அன்று இரவு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். அண்ணனுக்கு நெஞ்சு வலித்தபோது புது ஷாஃப்ட் உள்ளேதான் இருந்தது. முந்தைய நாளே ஆற அமர, முறைப்படி மாட்டியது. சக்கரத்தை மாட்டி நட்டுகளை முடுக்கியிருந்தால் வண்டி கிளம்பியிருக்கும், அண்ணனும் பிழைத்திருக்கக்கூடும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வொர்க்‌ஷாப்காரருக்கு மட்டும் இப்போதே ஒரு போன் போட்டுவிடுங்கள் ஐயா. அது அவசரத்தில் செய்த வேலை இல்லை. பிரிக்கத் தேவையில்லை.