எலிதே அம்மாவின் இடம்

— போயிட்டாங்கன்னா போயிட்டாங்கம்மா! சர்ச் சுவத்துல சாவு போஸ்டரே ஒட்டியாச்சு. பசை கூட இன்னும் காயலை, என் விரலைப் பாருங்க. எலிதே அம்மா, தொண்ணூத்தியொரு வயசு. டாக்டர் ஃபொர்னாரி லிஸ்ட்ல ஒரு இடம் காலி. அதுல என் பொண்டாட்டி பேரை எழுதுங்க.

— ஐயா, கண்ணாடியைத் தட்டாதீங்க. எனக்குக் காது கேக்குது.

— மாசா மாசம் இந்தச் சுகாதார ஆபீசுக்கு வந்து தட்டிட்டுத்தானே இருக்கேன்! 'அரசாங்கக் கணக்குல ஒரு குடும்ப டாக்டருக்கு ஆயிரத்தைந்நூறு பேர்தான், அதுக்கு மேல சேர்க்க முடியாது, யாராவது ஊரை விட்டுப் போகணும், இல்லேன்னா உலகத்தை விட்டே போகணும்'னு நீங்கதானே சொன்னீங்க? இதோ, போயாச்சு. என்ன நான் சொல்றது?

— அந்த இடத்துக்கு ஆளைப் பதிஞ்சாச்சுங்க ஐயா.

— எப்போ? இப்பதானே ஷட்டரைத் தூக்கினீங்க! டோக்கன் நம்பர் ஒண்ணு என் கையில இருக்கு.

— நான் ஏழரைக்கே வந்துட்டேன். முதல் வேலையா அதைத்தான் செஞ்சேன்.

— அப்போ பின்வாசல் வழியா யாரோ உங்க ஆளு வந்திருக்கான். யாருக்குக் கொடுத்தீங்க? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்.

— கவுன்ட்டர்ல பேரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சட்டம்.

— சட்டமாம் சட்டம்! நாசமாப் போச்சு. பல்லு கூட விளக்காம ஓடி வந்தேன்மா. தினம் காலையில மத்தவங்க ரொட்டி வாங்கப் போவாங்க, நான் சாவு போஸ்டர் படிக்கப் போவேன். எழுபத்தாறு வயசுல இந்தப் பொழைப்பு.

— உட்காருங்க. உங்களுக்கு ஒரு காகிதம் தரணும். பிரிண்டர் சூடாகட்டும். அதுவும் என்னை மாதிரிதான், காலையில லேசுல எழுந்திருக்காது.

— 'இடம் இல்லை'ங்கிற காகிதமா? வீட்டுல நாலு கிடக்கு. ஆடுற மேசைக் காலுக்குக் கீழே மடிச்சு வச்சிருக்கேன், இப்போ ஆடறதில்லை.

— வீட்டம்மா எப்படி இருக்காங்க?

— ஆர்ஜியாவா? பதினாலு மாசமாப் படுத்த படுக்கை. இப்போ முதுகுல புண்ணு, என் உள்ளங்கை அகலத்துக்கு. எங்க பழைய டாக்டர் ரிடையர் ஆனதும் மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர்கிட்ட தள்ளிவிட்டீங்களே, அவர் 'கூட்டிட்டு வாங்க'ங்கிறார். முப்பது கிலோமீட்டர் வளைஞ்சு வளைஞ்சு போகணும், உட்காரவே முடியாதவளை எப்படிக் கூட்டிட்டுப் போறது? முடியாதுன்னா 'ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க'ங்கிறார். என் ஃபோன்ல நம்பரைத் தவிர வேற எதுவும் கிடையாது. ஃபொர்னாரி நாலு தெரு தள்ளி இருக்கார். நடந்தே வந்து பார்த்துட்டுப் போவார்.

— தெரியுங்க.

— என்ன தெரியும்? ராத்திரி அவளைப் புரட்டிப் போடுறப்ப எனக்குத் தெரியக் கூடாதுன்னு தலையணையைக் கடிச்சுக்கறா. உங்களுக்குத் தெரியுமா அது?

— ...தெரியாது.

— போகட்டும். உங்ககிட்ட கத்தி என்ன ஆகப்போகுது. நீங்களும் பாவம், கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு. தூங்கலையா?

— கொஞ்சம் வேலை இருந்துச்சு. எலிதே அம்மா உங்களுக்குப் பழக்கமா?

— பழக்கமாவது! செவ்வாய்க்கிழமைதோறும் பார்ப்பேனே. அவர் லிஸ்ட்ல நான் இல்லாட்டியும் ஃபொர்னாரி க்ளினிக்குல போய் உட்கார்ந்துக்குவேன், மனசு இரங்கிட மாட்டாரான்னு. அந்தம்மாதான் எப்பவும் முதல் ஆளு. எட்டு மணிக்குத் திறந்தா ஏழுக்கே வாசல்ல நிப்பாங்க. ஆனா உள்ளே போகவே மாட்டாங்க.

— ஏன்?

— யாராவது அவசரமா வந்து 'வரிசையில கடைசி ஆள் யாரு?'ன்னு கேட்டா போதும், 'என் முறையில நீ போ கண்ணு, நான் கடைசியாப் போறேன்'னுடுவாங்க. அடுத்தவன் வந்தா அவனுக்கும் அதே. பன்னெண்டு மணி வரைக்கும் அப்படியே. நோயும் கிடையாது, நொடியும் கிடையாது, குத்துக்கல்லு மாதிரி இருந்தாங்க. பேச ஆள் வேணும், அவ்வளவுதான். என்னையும் ஏழு தடவை தன் முறையில உள்ளே அனுப்பினாங்க. ஏழு தடவையும் டாக்டர் கையை விரிச்சாரு.

— வீட்டுல பேச ஆள் இல்லையாமா?

— ஒரு பொண்ணு இருக்காளாம். ஏதோ ஆபீசாம். ஞாயித்துக்கிழமை வருவாளாம், சாப்பிட்டதும் சோபாவிலேயே தூங்கிடுவாளாம். 'இதென்ன கல்நெஞ்சுக்காரியைப் பெத்து வச்சிருக்கீங்க'ன்னு நான் கேட்டுட்டேன்.

— அதுக்கு என்ன சொன்னாங்க?

— பையிலேர்ந்து ஒரு சோம்பு மிட்டாயை எடுத்து என் வாயில போட்டு, 'நீ வாயை மூடு'ன்னாங்க. அப்புறம் சொன்னாங்க, 'அவ தூங்குறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், சின்னப் பிள்ளையில எப்படித் தூங்குவாளோ அதே மாதிரிதான் தூங்குவா'ன்னு. ...ஏம்மா, என்ன ஆச்சு?

— ஒண்ணுமில்லை. காகிதம் வந்துடுச்சு. கீழே கையெழுத்துப் போடுங்க.

— கண்ணாடி கொண்டு வரலையே. போஸ்டர்லயே பெரிய எழுத்தைத்தான் படிச்சேன், கீழே பொடி எழுத்துல என்னென்னவோ இருந்துச்சு, விட்டுட்டேன்.

— இந்தாங்க, என் கண்ணாடியைப் போட்டுக்கோங்க.

— ஈரமா இருக்கேம்மா.

— துடைச்சுக்கோங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பேரைப் படிங்க, தப்பு இருக்கான்னு.

— நோயாளி பேரு... ஆர்ஜியா. டாக்டர்... ஃபொர்னாரி. ஏம்மா! இது என் பொண்டாட்டியாச்சே!

— போன மாசம் நீங்க கொடுத்த ஃபாரம் என் மேசையிலேயே இருந்துச்சு. டாக்டருக்கும் ஃபோன் பண்ணிட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். மூணு மணிக்கு அடக்கத்துக்குப் போறாராம், அங்கேர்ந்து நேரா உங்க வீடுதான்.

— அட கடவுளே. ...அட, என்னை இவ்வளவு நேரம் கத்த விட்டுட்டீங்களே! முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?

— சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க அவங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சீங்க, கேக்கணும்போல இருந்துச்சு.

— என் மேல இவ்வளவு அக்கறை யாருக்கும்மா? இடத்தை எங்களுக்குக் கொடுக்கணும்னு யாரு சொன்னது?

— முந்தாநேத்து ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் முறை வந்துடுச்சு, என் இடத்தை அந்தக் கத்துற மனுஷனோட பொண்டாட்டிக்குக் கொடுத்துடு'ன்னாங்க, எங்கம்மா.